இட்லிச் சட்டிக்கு மேலே ஒரு அலமாரி

செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்துகொண்டு சமையலறைக்குப் போங்கள். அடுப்புக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே இருக்கும் அலமாரிக் கதவின் அடியில் போனை நீட்டி, அந்தக் கதவின் அடிவிளிம்பை மட்டும் பாருங்கள். கதவின் முகம் பளபளவென்று இருக்கும். அடிவிளிம்பு அப்படி இருக்காது. நிறைய வீடுகளில் அங்கே பாலிஷே ஏறியிருக்காது, அல்லது பேருக்கு ஒரு பூச்சு பட்டிருக்கும். விரலை வைத்துத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். சமையலறை மர வேலையின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தச் சொரசொரப்புதான்.

எங்கள் வீட்டில் இது தெரிய இரண்டு வருடம் ஆனது. இட்லிச் சட்டி வைக்கும் அடுப்புக்கு நேர் மேலே இருந்த கதவின் கீழ்ப்பக்கம் முதலில் லேசாக வெளுத்தது. அப்புறம் பாலிஷ் முட்டை ஓடு மாதிரி விரிந்து உரிந்தது. "மட்டமான பாலிஷ் அடித்துவிட்டார்கள்" என்று கிச்சன் போட்டுக் கொடுத்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரிசெய்ய வந்த ஆசாரி கதவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். "பாலிஷ் நல்ல பாலிஷ்தான் சார். முகத்துக்கு மூணு கோட்டு அடிச்சிருக்காங்க. காலுக்கு ஒண்ணுமே இல்ல." திட்டு வீண்போகவில்லை, ஆனால் காரணம் வேறாக இருந்தது.

மரம் ஏன் ஈரத்தைக் குடிக்கிறது

மரத்தை ஒரு கட்டு ஸ்ட்ரா என்று நினைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்த காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய நுண்குழாய்கள் அவை. வெட்டி, அறுத்து, இழைத்து அலமாரி செய்த பிறகும் அந்தக் குழாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. பலகையின் முகத்தில் தண்ணீர் பட்டால் அது ஸ்ட்ராக்களின் பக்கவாட்டில் பட்ட மாதிரி, உள்ளே போக நேரம் பிடிக்கும். பலகையின் வெட்டுமுனையில் பட்டால் ஸ்ட்ராவின் வாயிலேயே பட்ட மாதிரி. முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக முனை குடிக்கும். பிளைவுட்டும் இதே கதைதான். அதன் நான்கு விளிம்புகளிலும் வெட்டுப்பட்ட அடுக்குகள் தெரியும். ஒரு அடுக்கு விட்டு ஒரு அடுக்கு, ஸ்ட்ரா வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

தண்ணீர் நேரடியாகப் படவேண்டும் என்றுகூட இல்லை. காற்றில் இருக்கும் ஈரமே போதும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால், அதில் நாள்கணக்கில் இருக்கும் மரம் தன் எடையில் சுமார் 12 சதவீதம் அளவுக்கு ஈரம் ஏற்றுக்கொள்ளும். காற்று 90 சதவீதத்துக்குப் போனால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை நெருங்கும். காற்று காய்ந்தால் மரம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கும்போது அகலத்தில் உப்பும், கொடுக்கும்போது சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய மாற்றமே இருக்காது. மழைக்காலத்தில் வாசல் கதவு நிலையில் சிக்குவதும், பங்குனியில் தானாகவே சரியாவதும் இதனால்தான்.

இப்போது பாலிஷுக்கு வருவோம். பாலிஷ், வார்னிஷ், லாக்கர், பி.யு. (பாலியூரிதேன்) என்று எதைச் சொன்னாலும் அது மரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய தோல். பல கோட்டு அடித்தாலும் மொத்தக் கனம் ஒரு தாளின் கனத்தைத் தாண்டினால் பெரிது. எந்தப் பாலிஷும் நீராவியை முழுசாக நிறுத்தாது. போகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மரம் வருடம் முழுக்க உப்பிச் சுருங்கும்போது இந்தத் தோலும் கூடவே இழுபட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அடிக்கடி ஆவி பட்டு, அந்த இடம் மட்டும் உப்பி உப்பிச் சுருங்கினால் தோல் அங்கே விரிசல் விடும். விரிசல் வழியாகப் போகும் ஈரம் பாலிஷுக்கு அடியிலேயே பரவும். வெளியே மூடியிருப்பதால் சீக்கிரம் காயவும் காயாது. உரிவது அதற்குப் பிறகு நடப்பது.

எவ்வளவு ஆவி என்று ஒரு கணக்கு

இட்லிப் பானை, சாதம் வடிப்பது, குக்கர் விசில், ரசம் கொதிப்பது என்று கண்ணுக்குத் தெரிந்த ஆவியை எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: அடுப்புத் தீயே ஆவி விடும். சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும். இரண்டிலும் ஹைட்ரஜன் இருக்கிறது, எரியும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சமையலறைக்குள் போயிருக்கும். ஒரு கேன் தண்ணீரைச் சுவரிலும் அலமாரியிலும் தெளித்ததற்குச் சமம். பானையில் ஒன்றுமே கொதிக்காவிட்டாலும், வெறும் தோசைக்கல் காய்ந்தாலும், இது நடக்கும்.

இந்த ஆவி முழுக்கப் பலகையில் படிந்துவிடாது. காற்றோட்டம் இருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். இல்லாவிட்டால் குளிர்ச்சியான பரப்பைத் தேடிப் போய்த் துளியாக நிற்கும். டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்கிறதே, அதே வேலை. சூடான ஆவிக்கு, அறை வெப்பத்தில் இருக்கும் அலமாரிக் கதவே குளிர்ந்த பரப்புதான். துளி கதவின் முகத்தில் உருண்டு, கீழே வந்து, அடிவிளிம்பில் தொங்கி நிற்கும். பூச்சு இல்லாத அந்த விளிம்பில்.

பழைய வீட்டுச் சமையலறைகளில் அடுப்புக்கு மேலே அலமாரி கிடையாது. அங்கே புகைபோக்கி இருக்கும், அல்லது ஓட்டுக்கூரை இடைவெளி இருக்கும். சாமான்கள் எதிர்ச்சுவர் மாடத்திலோ கடப்பாக்கல் பலகையிலோ இருந்தன. ஆவி மேலே போக வழி விட்டிருந்தார்கள். நாம் அந்த வழியில்தான் மர அலமாரியை மாட்டிவைத்திருக்கிறோம்.

எந்தப் பாலிஷ் எவ்வளவு தாங்கும்

அரக்கை எரிசாராயத்தில் கரைத்து அடிக்கும் ஸ்பிரிட் பாலிஷ் பார்க்க அழகு, பழைய தேக்கு பீரோவுக்கு அதுபோல வராது. ஆனால் சூடு, சோப்பு, ஈரம் மூன்றுமே அதற்கு ஆகாது. சூடான டம்ளர் வைத்தாலே வெள்ளை வட்டம் விழும். சமையலறைக்கு வேண்டாம். சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அதைவிடக் கொஞ்சம் தேவலை. மெலமைன் அதற்கு மேல். இரண்டு பாகமாக வந்து, கலந்து அடிக்கும் பி.யு. பாலிஷ் இருப்பதிலேயே ஈரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், விலையும் அப்படித்தான். மைக்கா ஒட்டிய பலகையில் முகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஈரம் அதை ஒன்றும் செய்யாது. அங்கே பலவீனம் விளிம்பில் ஒட்டும் பட்டிதான். எட்ஜ் பேண்டு என்பார்கள். அதை ஒட்டும் வழக்கமான சூட்டுப்பசை 70, 80 டிகிரி அளவில் இளகத் தொடங்கும். குக்கர் ஆவி அதைவிடச் சூடு. பட்டி ஒரு மூலையில் நாக்கை நீட்ட ஆரம்பித்தால், பின்னாலேயே ஈரமும் போகும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பி.யு. அடித்த அன்றே தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளே முழுசாக இறுக ஒரு வாரம் வரை ஆகும். நம் ஊரில் என்ன நடக்கிறது? கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, பாலிஷ் வேலை முந்தைய நாள் இரவு வரை இழுக்கிறது, விடிந்தால் பால் காய்ச்சி, பந்திக்கே சமையல். இளம் பாலிஷ் முதல் நாளே குண்டான் ஆவியில் குளிக்கிறது. ஆசாரியை அவசரப்படுத்துவதற்குப் பதில், பால் மட்டும் காய்ச்சிவிட்டு மீதிச் சமையலை வெளியே வைத்துக்கொள்ளலாம்.

பாலிஷுக்கு அடியில் இருப்பது என்ன என்பதும் முக்கியம். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் மரத்தூளையும் சிம்பையும் பசையில் அழுத்திச் செய்தவை. தண்ணீர் போனால் பூரி மாதிரி உப்பும், ஆனால் ஆறினால் பூரி மாதிரி அமுங்காது. உப்பியது உப்பியதுதான். சிங்க், டிஷ்வாஷர் பக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. பிளைவுட்டில் ஆசாரிகள் 'செவன் டென்' என்று சொல்வது ஐ.எஸ். 710 தரத்தை, அதாவது மரைன் பிளைவுட்டை. அதன் பசையைச் சோதிக்க 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். ஆனால் கவனியுங்கள், கொதிநீரைத் தாங்குவது அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை. மரம் அப்போதும் மரம்தான், ஈரத்தைக் குடிக்கத்தான் செய்யும். "செவன் டென் போட்டிருக்கோம், விளிம்புக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

ஒவ்வொரு சாதனமாக

அடுப்பிலிருந்து தொடங்குவோம். சிம்னி இருந்தால், அதன் குழாய் வீட்டுக்கு வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். குழாய் இல்லாமல், கரி வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளேயே திருப்பி விடும் வகையும் உண்டு. அது எண்ணெயையும் வாடையையும் பிடிக்கும், ஈரத்தைப் பிடிக்காது. வெளியே போகும் சிம்னியானாலும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, அணைத்த பிறகு பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், வெளிக்காற்று உள்ளே வந்தால்தான் உள்காற்று வெளியே போகும். சிம்னிக்கு வசதி இல்லையென்றால் ஒரு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனே ஈர விஷயத்தில் பாதி வேலையைச் செய்துவிடும்.

எலக்ட்ரிக் ரைஸ் குக்கரும் கெட்டிலும் சத்தமில்லாமல் சேதம் செய்பவை. பிளக் சுவரோரம் இருப்பதால் அவற்றையும் சுவரோரமாகவே, அலமாரிக்கு நேர் கீழே வைத்துவிடுகிறோம். ஆவித்துளை மேலே பார்த்து ஒரே இடத்தில் ஊதுகிறது. தினமும் அரை மணி, அதே கதவு, அதே விளிம்பு. செலவே இல்லாத வைத்தியம்: சமைக்கும் நேரம் மட்டும் மேடையின் முன்விளிம்புக்கு இழுத்து வையுங்கள், அலமாரியின் நிழலைத் தாண்டி. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்களுக்கு எட்டாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஷ்வாஷர் வாங்கியவர்கள் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பல மாடல்களோடு பெட்டியில், ஒரு பக்கம் பசை தடவிய வெள்ளி நிறத் தாள் ஒன்று வரும். மேடைக்கு அடியில், கதவு திறக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுவதற்கு. கதவைத் திறந்ததும் குபுக்கென்று மேலே வரும் ஆவி பலகையில் ஏறாமல் தடுக்கத்தான் அது. மாட்டிவிடுபவர்கள் அதைத் தெர்மாகோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தொலைந்திருந்தால் அலுமினிய ஃபாயில் டேப் கடையில் கிடைக்கும், அதை ஒட்டினாலும் போதும். மேடை கிரானைட்தானே என்று விட்டுவிடக் கூடாது. கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தாங்கும் பக்கப் பலகைக்குத்தான் ஆகும். கழுவி முடிந்ததும் உடனே திறக்காமல் அரை மணி நேரம் விட்டுத் திறந்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். திறந்தால் முழுசாகத் திறங்கள். கொஞ்சமாகத் திறந்து வைத்தால் ஆவி முழுக்க அந்த இடுக்கு வழியாக ஒரே கோட்டில் மேலே போகும்.

ஃபிரிட்ஜை யாரும் சந்தேகப்படுவதில்லை. தானாகவே பனி உருக்கும் ஃபிரிட்ஜில், உருகிய தண்ணீர் பின்னாலோ அடியிலோ உள்ள ஒரு தட்டில் விழுந்து, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிறது. அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே ஏறும். ஃபிரிட்ஜை மூன்று பக்கமும் பலகையால் இறுக்கி மூடிய வீடுகளில், மேலே உள்ள அலமாரியின் அடிப்பலகை வருடம் முழுக்க அதில் வேகும். பக்கங்களிலும் பின்னாலும் மேலேயும் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று ஃபிரிட்ஜோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கும். ஆசாரியிடம் அளவு கொடுக்கும் முன் அதைப் புரட்டுங்கள்.

உள்ளே பதிக்கும் ஓவன் பக்கத்தில் ஈரத்தைவிடச் சூடுதான் பிரச்சினை. பி.வி.சி. தாள் போர்த்திய மெம்பரேன் கதவுகளை அங்கே போடாதீர்கள், தாள் சுருண்டு வரும்.

சிங்க். இங்கே ஆவி இல்லை, தண்ணீரே வரும். சிங்க்குக்கும் கிரானைட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கை நம் கொத்தனார்கள் வெள்ளை சிமென்ட் வைத்துப் பூசிவிடுவார்கள். பாத்திரத்தின் எடையிலும் வெந்நீர்ச் சூட்டிலும் சிங்க் சற்று அசையும். சிமென்ட் அசையாது, வெடிக்கும். தலைமுடி அளவு வெடிப்பு போதும், மேடைக்கு அடியில் பலகையின் மேல்விளிம்பு ஊறத் தொடங்கும், அதுவும் கண்ணில் படாத இடத்தில். சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் வைத்துக்கொள்ளுங்கள். அது ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். சிங்க்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டோ பழைய அலுமினியத் தாம்பாளமோ வைத்தால், வடிகுழாய் கசிந்தாலும் ஆர்.ஓ. குழாய் சொட்டினாலும் தட்டில் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

கீழ் அலமாரிகள் தரையில் நேராக உட்காராமல் நாலு அங்குல பி.வி.சி. கால்களில் நிற்கட்டும். பொங்கலுக்கு வீடு கழுவிவிடும் வழக்கம் உள்ள வீடுகளில் இது கட்டாயம்.

வந்த சேதத்தைப் படிப்பது

வெள்ளைக் கறை என்றால் ஈரம் பாலிஷுக்குள்ளேயே நிற்கிறது, மரத்துக்குப் போகவில்லை. அரக்கு, லாக்கர் வகையானால் இரண்டு நாள் விட்டாலே சில சமயம் மறையும். இல்லாவிட்டால் முடி காயவைக்கும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரடி தூரத்திலிருந்து அசைத்துக்கொண்டே காட்டலாம். கறுப்புக் கறை என்றால் ஈரம் மரத்துக்குள் போய்விட்டது. மரத்திலுள்ள டானின் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கறுக்கும். கீலைச் சுற்றியும் ஆணியைச் சுற்றியும் கறுத்திருப்பது அதனால்தான். பாலிஷைச் சுரண்டாமல் அது போகாது. அடுத்த தடவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீலும் ஸ்க்ரூவும் போட்டுவிடுங்கள்.

கைப்பிடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று இருந்தால் அது ஈரமல்ல, கை எண்ணெயும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்து பாலிஷை இளக்கியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கம்பி நார் வேண்டாம். இன்னொன்று, பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல. தடவிய இடத்தில் அப்படியே இருந்து தூசியைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அதுவும் பி.யு. மேல் வேலை செய்யாது, வெறும் மரத்துக்குத்தான்.

அடிவிளிம்பைச் சரிசெய்வது அரை நாள் வேலை. கதவைக் கழற்றுங்கள், கீலில் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் வந்துவிடும். அப்புறம்தான் பொறுமை வேண்டும். நாலைந்து நாள் நிழலில், காற்றாட, நிற்க வையுங்கள். ஈரத்தோடு மேலே பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். காய்ந்ததும் 220 நம்பர் தேய்ப்புத் தாளால் விளிம்பைத் தேய்த்து, தூசியைத் துடைத்து, தெளிவான பி.யு.வைச் சிறிய பிரஷ்ஷில் தொட்டு அடியுங்கள். முதல் கோட்டை விளிம்பு ஸ்பாஞ்சு மாதிரி குடித்துவிடும், ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும். பயப்படாமல் காயவிட்டு மறுபடி அடியுங்கள். மூன்றாவது கோட்டில்தான் பளபளப்பு நிற்கும், நின்றால் ஸ்ட்ரா வாய் அடைபட்டது என்று அர்த்தம். கீலுக்காகத் துளைத்த குழிகளின் உட்புறத்திலும் ஒரு தொடு தொட்டுவிடுங்கள். அங்கே யாரும் அடிப்பதே இல்லை. அடித்த பிறகு கதவை உடனே மாட்டாமல் ஒரு வாரம் சும்மா விடுங்கள்.

இந்த வேலையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் லாக்கர் அடித்தால், அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பாலிஷ் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும். ஆசாரிகள் மழைநாளில் பாலிஷ் வேலைக்கு வராததைச் சோம்பேறித்தனம் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருக்கிறேன்.

எங்கள் கதவு சரியாகி மாட்டிய மறுவாரம், சிங்க்குக் கீழே இன்னொரு கதவில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. சரியாக ஒரு சாண் அகலம், மேலிருந்து கீழாக. குழாயும் கசியவில்லை, சிங்க்கும் கசியவில்லை. இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கண்ணில் பட்டது: கை துடைத்த ஈரமான கரித்துணியை எல்லோரும் அந்தக் கதவின் மேல்தான் தொங்கவிடுகிறோம், நான் உட்பட. இப்போது டைல்ஸ் சுவரில் அதற்கென்று ஒரு கொக்கி இருக்கிறது. பாதி நாள் துணி அதில் தொங்குகிறது.